பன்னிரண்டு மில்லிமீட்டர் இருப்புப்பாதை

அறுபதைக் கடந்தவர், ஓய்வூதியம் பெறுபவர், பேரன் பேத்தி எடுத்தவர் ஒருவர், தம் மாலைப் பொழுதுகளையெல்லாம் பொம்மை இரயில் பாதை அமைப்பதில் செலவிடலாமா? கேள்வி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். கேட்டவரோ நகைக்கவில்லை. இருப்புப்பாதைத் துறையில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்ற பங்கு அன்பர் அவர். கோவில் திண்ணையில் அமர்ந்து, சற்றே தயங்கி, இது பாவத்தில் சேருமா என்று கேட்டார். (ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, அவருடைய இசைவோடுதான் எழுதுகிறோம்.) வீட்டில் அவருடைய துணைவியார், "இந்த வயசுல இது தேவைதானாங்க?" என்று கேட்டிருக்கிறார். அவரால் விடை சொல்ல இயலவில்லை; நம்மிடம் வந்துவிட்டார்.

அவர் அமைத்துவருவது மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் பாதையின் சிற்றுரு. 1928ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை அது. மதுரையிலிருந்து மேற்கே நாகமலையின் ஓரமாகச் சென்று, உசிலம்பட்டியைத் தொட்டு, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து, தேனி வழியாகப் போடிக்குப் போகும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஏலமும் பஞ்சும் சந்தைக்குச் செல்வோரும் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் பயணம் செய்தார்கள். அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியோடு அந்தச் சிறிய பாதை மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் அகலப்பாதையில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. பழைய மீட்டர் தண்டவாளம் இன்று அங்கே இல்லை. நம் அன்பரின் வீட்டு மாடியில் எட்டடி நீளப் பலகை ஒன்றின்மீது மட்டும் இருக்கிறது.

இத்தகைய ஈடுபாடு மேலைநாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. புனே நகரில் ஜோஷி என்பவர் ஏற்படுத்திய சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்கு இருந்துவருகிறது. மார்கழி பிறந்ததும் நம் வீடுகளில் நடப்பதுதான் என்ன? கூடை கவிழ்த்து, காகிதம் போர்த்தி மலை செய்கிறோம்; கேழ்வரகை முளைக்கவிட்டு வயல் செய்கிறோம்; கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம் செய்கிறோம். பெத்லகேம் மலையடியில் பொம்மை இரயில் ஒன்றைச் சுற்றவிடும் குடில்கள் எத்தனை! புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சியோ என்னும் ஊரில் முதல் குடில் அமைத்தபோது இரயில் இல்லை என்பது உண்மையே. எனினும் சிற்றுருச் செய்யும் ஆவலுக்கும் பக்திக்கும் பகையில்லை என்பதற்கு அந்தப் புனிதரே சான்று.

விளையாட்டு பாவமா என்ற வினாவுக்குத் திருச்சபையின் மரபு எப்போதோ விடை கூறிவிட்டது. நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு பொழுதுபோக்கியதைக் கண்டு சிலர் இடறலுற்றபோது, அவர் வில்லாளி ஒருவனை மீண்டும் மீண்டும் அம்பெய்யச் சொன்னாராம். 'இடைவிடாது எய்வாயா?' என்று கேட்க, 'எய்தால் வில் முறியும்' என்றானாம். மனித மனமும் அத்தகையதே என்றார் யோவான். இக்கதையை எடுத்தாளும் புனித தோமா அக்குவினாஸ், தம் 'இறையியல் தொகுப்பில்' விளையாட்டுக்கென்றே ஒரு நற்பண்பு உண்டென்கிறார். அதில் மிகையும் குற்றம், விளையாட்டே அறியாத கடுகடுப்பும் குற்றம் என்று நிறுவுகிறார். நம் பங்குகளில் இரண்டாம் வகைக் குற்றவாளிகளே மிகுதி என்பது நம் எண்ணம். நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் படைப்பின் தொடக்கத்தில் இறைவன் அருகே இருந்த ஞானத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்குக் கைவினைஞர் என்றும் பொருள் கொள்கிறார்கள், வளர்க்கப்படும் குழந்தை என்றும் பொருள் கொள்கிறார்கள். அறிஞர்கள் இன்னும் ஒருமுகமாக முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாதிருப்பதே நலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் கடனிருக்க, பிள்ளையின் கல்விக் கட்டணம் நிற்க, இதற்கென்று காசை இறைப்பவர் நீதிக்கு எதிராகவே நடக்கிறார். அங்கே விளையாட்டைப் பற்றிய இறையியலுக்கு இடமில்லை. நம் அன்பர் அத்தகையவர் அல்லர். உறவினர் ஒருவர் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த தண்டவாளமும் மோட்டாரும் போக மற்றவையெல்லாம் அட்டை, தெர்மோகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சலித்த மணல், தீக்குச்சி, தென்னை நார். அம்மையாரின் மனக்குறை காசைப் பற்றியதன்று. மனிதர் மாடியேறினால் இறங்குவதில்லை என்பதே அவர் குறை. அதற்கு நாம் சொன்ன விடை எளிது: இரவு உணவுக்கும் குடும்ப செபத்துக்கும் இறங்கிவிட வேண்டும். அவர் இசைந்தார்.

ஆனால் அவருடைய வினாவின் வேர் இவற்றில் எதிலும் இல்லை. பேசப் பேசத்தான் அது வெளிப்பட்டது. "சாமி, அங்க போய் உட்கார்ந்தா எல்லாம் நான் சொன்னபடி நடக்குது. அதுதான் பயமா இருக்கு" என்றார்.

அச்சம் நியாயமானது. வெளியுலகில் வண்டி தாமதமாகிறது, மேலதிகாரி கடிந்துகொள்கிறார், மகன் சொல்வதைக் கேட்பதில்லை, முழங்கால் வலிக்கிறது. மாடியிலோ 12 வோல்ட் மின்சாரத்தைக் கூட்டினால் ஓடுகிறது, குறைத்தால் நிற்கிறது. மலை வேண்டாமென்றால் மலை பெயர்கிறது. அங்கே அவரை மறுத்துப் பேச ஒருவருமில்லை. மறுத்துப் பேச ஒருவருமில்லாத உலகில் ஒருவன் நெடுநாள் வாழ்ந்தால் அவன் ஆன்மா என்னாகும்? தனியறையில் தனக்கொரு சிறு அரசை அமைத்துக்கொண்டு, மனிதர் நடுவே திரும்பிவர மனமில்லாதவர்களைக் காலந்தோறும் கண்டுவருகிறோம். அவர்களுடைய கருவிகள்தாம் மாறுகின்றன.

இங்கே அக்குவினாஸ் மீண்டும் துணைக்கு வருகிறார். உண்மையைப் பற்றிய தம் ஆய்வு நூலில் அவர் ஓர் அழகிய வரிசையைக் காட்டுகிறார். இயற்கைப் பொருள்களை இறைவனின் அறிவு அளக்கிறது. அவையோ நம் அறிவை அளக்கின்றன. அதாவது, வேம்பு எப்படியிருக்கிறதோ அதற்கேற்ப நம் எண்ணம் அமைந்தால்தான் அந்த எண்ணம் உண்மை. கைவினைப் பொருள்களில் இந்த ஒழுங்கு மாறுகிறது: தச்சனின் மனத்திலுள்ள வடிவமே நாற்காலியை அளக்கிறது. அவ்வளவில் தச்சன் தன் நாற்காலிக்கு ஆண்டவன்.

அப்படியானால் சிற்றுரு எந்த வகை? அது கைவினைப் பொருளே. ஆனால் அதன் அளவுகோல் செய்தவரின் மனத்துக்குள் இல்லை. உசிலம்பட்டி நிலையத்தின் சிற்றுரு சரியா தவறா என்பதை அவர் தீர்மானிக்க இயலாது, உசிலம்பட்டி தீர்மானிக்கும். நாற்காலி செய்பவருக்கு இல்லாத ஒரு கீழ்ப்படிதல் சிற்றுரு செய்பவருக்கு உண்டு. அந்தக் கீழ்ப்படிதல் இருக்கும்வரை அவர் மாணவர். அது போனால் மாடியறையின் சர்வாதிகாரி. நம் அன்பர் இவ்விருவரில் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மாலை நாமே மாடியேறினோம்.

ஏறிப் பார்த்தபோது நமக்கு வியப்பளித்தது அவருடைய திறமையைவிட அவருடைய கணக்கேடு. அவர் கொண்ட அளவு 87இல் ஒரு பங்கு. உலகெங்கும் சிற்றுரு இரயில் செய்வோர் மிகுதியாகக் கைக்கொள்ளும் அளவு அதுதான். ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைப்பதோ சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளின் சிற்றுருக்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம். பெருக்கிப் பார்த்தால் அது 1,044 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையைக் குறிக்கும். அத்தகைய பாதை மதுரைச் சீமையில் என்றும் இருந்ததில்லை. ஏட்டில் அவர் எழுதியிருந்தார்: 'அரை மி.மீ. பொய். வேறு வழியில்லை.'

வேறு பொய்களும் உள்ளன. 90 கிலோமீட்டரை 87ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். எட்டடிப் பலகையோ உண்மையில் 212 மீட்டருக்கே ஈடு. எனவே உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இடைப்பட்டதையெல்லாம் ஒரு திரைக்குப் பின்னால் மறைத்திருக்கிறார். வளைவிலும் தொல்லை உண்டு. நம் நாட்டு மீட்டர் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூரிய வளைவின் ஆரம் ஏறக்குறைய 109 மீட்டர். அதை முறைப்படி சுருக்கினால் ஒன்றேகால் மீட்டர் ஆரம் வேண்டும்; வண்டி திரும்பி வருவதற்கே இரண்டரை மீட்டர் அகலம் தேவை. மாடியறையில் அதற்கு இடமேது? அவர் மூன்றில் ஒரு பங்கு வளைவில்தான் வண்டியைத் திருப்புகிறார். திருப்பும் இடத்தை நாகமலைக்கு அடியில் குகைக்குள் ஒளித்துவிட்டார். நாகமலையின் ஓரமாகச் செல்லும் உண்மையான பாதையில் அப்படியொரு குகை இல்லை என்பதும் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. வேகத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 13 சென்டிமீட்டர். அதற்கு மேல் ஓட்டமாட்டார். பேரப்பிள்ளைகளுக்கு இது பெரும் ஏமாற்றம்.

சுருக்காமல் சிற்றுரு இல்லை. வரைபடமும் அப்படியே, மறையுரையும் அப்படியே. எதை விட்டோம் என்று அறிந்து விடுவது வேறு, விட்டதையே மறந்துபோவது வேறு. அந்தக் கணக்கேடு, தம் பொய்களைத் தாமே எண்ணி வைத்திருக்கும் மனிதர் ஒருவரின் ஏடு. ஆன்மச் சோதனைக்கு நாம் பரிந்துரைக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான்.

இத்தகைய நேர்மைக்கு ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த குரு ஒருவரைச் சான்று காட்டலாம். வில்பர்ட் ஆட்ரி என்ற அவருடைய இரயில் கதைகள் 1945 முதல் வெளிவந்து உலகெங்கும் குழந்தைகளை மகிழ்வித்தன. அவரே சிற்றுரு இரயில் பாதை அமைத்தவருங்கூட. பேசும் இஞ்சின்களைப் படைத்த அவர், தம் கதைகளில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏதேனும் ஓர் உண்மையான பாதையில் நடந்ததாக இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். ஓவியர்கள் இஞ்சினைத் தவறாக வரைந்தால் சண்டையிட்டார். வேல்சு நாட்டில் டாலிலின் என்னும் குறுகிய பாதையைத் தன்னார்வலர்கள் 1951இல் மூடப்படாமல் காத்தார்கள். உலகில் இவ்வாறு காக்கப்பட்ட முதல் பாதை அதுவே. அங்கே ஆட்ரி கார்டாகத் தொண்டு செய்தபோது, சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டு வண்டியைப் புறப்படச் செய்துவிட்டார். அந்தத் தவற்றையும் ஒளிக்காமல் கதையாக்கினார். அவருடைய கதைத் தீவின் பெயர்கூட ஒரு மறைமாவட்டத்தின் பெயரிலிருந்து வந்தது: சோடோர் - மேன் என்பது ஆங்கிலத் திருச்சபையின் பழைய மறைமாவட்டம், மேன் என்ற தீவு இருக்கிறது, சோடோர் என்ற தீவு இல்லை, இல்லாததை அவர் எடுத்துக்கொண்டார். மறைமாவட்ட இதழில் எழுதும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

நம் அன்பரின் சிற்றுருவும் மூன்று முறை மாறியிருக்கிறது. முதலில் நாகமலைக்குப் பச்சை வண்ணம் பூசினார். படங்களில் மலை பச்சைதானே? பிறகு ஒரு பங்குனி மாதத்தில் செக்கானூரணிப் பக்கம் பேருந்தில் போகையில் சன்னலோரம் அமர்ந்து பார்த்தார். நாற்பதாண்டு பார்த்த மலை. அன்றுதான் கண்டாராம், அது சாம்பலும் பழுப்புமான வெறும் பாறை என்று. வீடு திரும்பி எல்லாவற்றையும் சுரண்டியெடுத்தார். பிறகு கைகாட்டியின் உயரம் மாறியது. பிறகு மரங்கள். பாதையோரமெங்கும் சீமைக் கருவேலத்தை நட்டிருந்தார். திறப்பு விழா ஆண்டாகிய 1928ஐத் தம் சிற்றுருவின் காலமாகக் கொண்டபின், அந்த மரம் நாட்டு விடுதலைக்குப் பிறகுதான் இப்பக்கங்களில் பெருகியது என்றறிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மேம்படுத்துதல் என்பது மேன்மேலும் அலங்கரிப்பதென்று நாம் நினைக்கிறோம். இவருக்கோ அது பெரும்பாலும் பிடுங்குவதாகவே இருந்திருக்கிறது.

இவ்வளவு உழைத்து என்ன பயன், அவருக்குப் பின் இது குப்பைக்குத்தானே போகும் என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் ஜான் ஆலன் என்றொருவர் இருந்தார். சிற்றுரு இரயில் கலையில் அவரை விஞ்சியவர் சிலரே. 1940களில் தொடங்கிய முதற் சிறு பாதையைத் தூக்கியெறியாமல், பின்னர் அமைத்த பெரிய பாதைக்குள்ளேயே அதைச் சேர்த்துக்கொண்டார். குறுகிய பாதை ஒன்றும் அதனுள் ஓடியது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். இரண்டு வாரங்கள் கழியுமுன் தீப்பற்றி, இருபதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அழிந்தது. நிழற்படங்களே எஞ்சின. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை விளைந்த பொருளைக் கொண்டு மட்டும் அளக்காமல் உழைக்கும் மனிதரைக் கொண்டு அளக்க வேண்டுமென்று போதித்தார். பலகை எரிந்தது. பார்க்கக் கற்ற கண்ணை அந்தத் தீ தொடவில்லை. அந்தக் கண்ணோடுதான் அவர் இறைவன் திருமுன் சென்றிருப்பார் என்று நம்ப நமக்கு உரிமையுண்டு.

ஆனால் இவையெல்லாம் எளிய திருத்தங்கள். மலையின் நிறம் மாறுவதால் யாருக்கும் மனம் நோவதில்லை. கடினமான திருத்தம் சென்ற ஆண்டு வந்தது. அவரோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், சிற்றுருவைப் பார்க்க வந்தார். முதல் வண்டி நிலையத்தில் நிற்கிறது; தோரணம் கட்டியிருக்கிறது; தலைப்பாகை அணிந்த பெரியவர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் நடைமேடையில் நிற்கிறார்கள். நண்பர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, எங்க தாத்தாவை இதுல எங்க நிப்பாட்டப் போறீக?"

1928இல் அப்பகுதியின் பிரமலைக் கள்ளர் மக்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள். கைரேகைச் சட்டம் என்று இன்றும் முதியோர் அதைச் சொல்கிறார்கள். பிறப்பினாலேயே குற்றவாளி என்று ஓர் இனத்தையே பதிந்து வைத்த சட்டம் அது. பதியப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ வந்து படுத்துறங்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தோருள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. அதாவது, ஊர் எல்லையில் இரயில் வந்து நின்ற அந்த நாளில், சீட்டின்றி அதில் ஏறினால் குற்றமாகும் மனிதர்கள் அதே ஊர்களில் வாழ்ந்தார்கள். பயணச்சீட்டைச் சொல்லவில்லை.

நம் அன்பர் இதை அறியாதவர் அல்லர்; அரைகுறையாகக் கேள்விப்பட்டவரே. ஆனால் சிற்றுருவில் இதற்கு இடம் வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதில்லை. வேறு யாருக்குத்தான் தோன்றும்? அழகிய பழங்காலம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் எந்தச் சாவடியைத் திரைக்குப் பின் தள்ளுகிறோம்? 212 மீட்டருக்குள் எல்லாவற்றையும் அடக்க இயலாதுதான். எனினும் தோரணத்துக்கு இடமிருந்தது.

நாமும் இதில் விலக்கல்ல. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் மாட்டுத் தொழுவத்தில் தொடங்கவில்லை. பேரரசன் அகுஸ்துவின் கட்டளைப்படி மக்கள் பெயரைப் பதிவதில் தொடங்குகிறது. நிறைமாதக் கர்ப்பிணியோடு யோசேப்பு பெத்லகேமுக்கு வந்தது பெயர் கொடுக்கத்தான். நம் குடில்களில் ஆடு உண்டு, ஒட்டகம் உண்டு, விண்மீன் உண்டு, இரயிலும் உண்டு. பதிவேட்டை விரித்துவைத்த அலுவலரின் மேசை உண்டா? மத்தேயு கூறும் ஏரோதின் படைவீரர் உண்டா? குழந்தைகளின் குடிலில் வாளை வைக்கச் சொல்லவில்லை. மீட்பர் பிறந்த உலகம் எது என்பது அந்த மேசையின்றி விளங்காது என்று மட்டும் சொல்கிறோம்.

நண்பர் போனபின் மூன்று வாரம் அன்பர் மாடியேறவில்லை. துணைவியாருக்கே கவலை வந்துவிட்டது. காலத்தை 1975க்கு மாற்றிவிடலாமா, தாம் பணியில் இருந்த நாள்களுக்கு வந்துவிட்டால் தொல்லையில்லையே என்றும் எண்ணியிருக்கிறார். நம்மிடம் கேட்டபோது, மாற்றலாம், அதில் பாவமில்லை. ஆனால் எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதையும் ஏட்டில் எழுதிவிடுங்கள் என்றோம். அதற்குப் பிறகு அவர் மாற்றவில்லை.

இப்போது நிலையத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை அடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைக் காலி செய்திருக்கிறார். அங்கே சாவடி வருகிறது. 87இல் ஒரு பங்கு அளவில் ஆள் ஒருவரின் நீளம் 19 மில்லிமீட்டர். ஒன்பது பேரை மெழுகில் செய்து, துண்டை விரித்துப் படுத்திருப்பதுபோல் கிடத்தியிருக்கிறார். பத்தாமவர் எழுந்து உட்கார்ந்து, வண்டி வரும் திசையைப் பார்க்கிறார். அது யாரென்று நாம் கேட்கவில்லை. சாவடியில் இரவு விளக்கு எரிந்ததா, எரிந்திருந்தால் அரிக்கேனா அகலா என்பதை அவர் இன்னும் அறியவில்லை. நண்பரின் ஊரில் தொண்ணூறு வயது கடந்த முதியவர் ஒருவர் இருக்கிறாராம். கேட்டுவர வியாழக்கிழமை காலை வண்டியில் போகிறார்.